பழைய கிராமபோன்களை எதுவரை சீரமைக்கலாம்: சங்கத்தின் நிலைப்பாடு

புதுச்சேரியில் நடந்த பொதுக்குழுவில் எழுந்த சர்ச்சையும் அதன்பின் செயற்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பும் உறுப்பினர்கள் அறிந்தவையே ஆதலால், அவற்றை மீண்டும் விவரிக்காமல், பழைய கிராமபோனை எந்த அளவுக்குச் சீரமைக்கலாம் என்பதில் சங்கம் தன் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறது.

கருவியை ஓடவைப்பதற்கான பழுதுபார்ப்பில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இறுகிய மசகை அகற்றுவதும், அறுந்த சுருள்வில்லை மாற்றுவதும், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸில் அப்ரகத் தகட்டைத் தாங்கும் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருந்தால் புதியது இடுவதும் ஏற்கத்தக்கவை. மரப்பெட்டியின் பழைய மெருகைச் சுரண்டுவது இயன்றவரை தவிர்க்கத்தக்கது என்பது பெரும்பான்மையோர் கருத்து.

சங்கம் விட்டுக்கொடுக்க முடியாதது வேறொன்று. நல்ல நிலையிலுள்ள கைப்பெட்டிக் கிராமபோனின் மோட்டாரைப் பிடுங்கிப் புதுப்பெட்டியில் பொருத்தி, பளபளக்கும் பித்தளைக் கூம்பை மாட்டி, ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ நாய்ச் சின்னத்தையும் ஒட்டி, நூறாண்டுப் பழமை என்று விற்கும் தொழிலால் இந்தியக் கருவி என்றாலே வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஐயுறும் நிலை வந்திருக்கிறது. இதற்குச் சீரமைப்பு என்று பெயரிடுவது பித்தலாட்டம். வாங்குபவர் ஏமாறுவதைவிட, ஒரு போலி பிறக்க ஓர் உண்மைக் கருவி சாகிறது என்பதே பெருங்கேடு. பிரெஞ்சு நிறுவனமான பாத்தேயின் கருவிகளில் இப்படி உறுப்பு மாற்றுவது இசைத்தட்டையும் அழிக்கும்: அந்நிறுவனத்தின் பழைய தட்டுகளில் ஒலி மேலும் கீழுமாகப் பதிந்திருக்க, அதை உருண்டை முனையுள்ள நீலக்கல் தடவிச் செல்லும்; அந்தச் சவுண்ட் பாக்ஸைக் கழற்றிவிட்டு எஃகு ஊசி பூட்டும் ஒன்றை மாட்டினால், ஊசி வரிப்பள்ளத்தையே உழுதுவிடும்.

2014 நவம்பரில் இடிந்த, புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டதை எடுத்துக்காட்டி, வெளிப்படையாகச் செய்தால் புத்துருவாக்கத்தில் தவறில்லை என்று சிலர் வாதிட்டனர். வாதம் பாதி சரி; ஆனால் மேரியை எழுப்புவதற்காக எவரும் இன்னொரு பழைய கட்டடத்தை இடிக்கவில்லை.

எனவே, மாற்றிய உறுப்புகளின் விவரம் எழுதப்படாத எக்கருவியும் சங்கத்தின் கண்காட்சியில் இடம்பெறாது; கழற்றிய பழைய உறுப்பும் கருவியோடு வைக்கப்பட வேண்டும். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்தவற்றை அத்தகைய குறிப்புடன் அனுமதிக்கலாமா என்பதில் உடன்பாடு எட்டப்படாததால், அது அடுத்த பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்படுகிறது. மின்மோட்டார் பொருத்துவதும் அவ்வாறே. நாய்ச் சின்னத்தைப் புதிதாக அச்சிட்டு ஒட்டுவோருக்கு இந்த அவகாசம் கிடையாது. அவர்கள் கொணரும் கருவி எதையும் சங்கம் இன்று முதல் ஏற்காது.