கூடல்வாய் ஒழுகுகிறது

பழைய ஓட்டு வீட்டுக்காகக் கண்ணீர் விடுவதில் நம் இலக்கியச் சூழல் என்றும் சளைத்ததில்லை. 'முன்றில்' என்று சிற்றிதழுக்குப் பெயர் வைத்தோம். 'திண்ணை' என்று இணைய இதழுக்குப் பெயர் வைத்தோம். முற்றமும் ரேழியும் இல்லாத சிறுகதைத் தொகுப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கூடல்வாயைப் பற்றி எழுதியவர்களை நாங்கள் கண்டது அரிது. கூரையின் இரு சரிவுகள் சேருமிடத்தில் நீரை வாங்கி வெளியேற்றும் அந்தத் தகரப் பள்ளமே ஓட்டு வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

வீடு முதுமையால் விழுவதில்லை, நனைந்து விழுகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர். அதில் பெரும்பகுதி சில அங்குல அகலமுள்ள தகரத்தில் வந்து சேர்கிறது. வேப்பஞ்சருகு அடைத்தாலோ, துரு ஓட்டையிட்டாலோ, வாட்டம் கெட்டாலோ அந்நீர் கைமரத்தில் இறங்கும். நனைந்த மரத்தைக் கறையான் தேடி வரும். சுண்ணாம்புக் காரை கரையும், சுவர் பிளக்கும். பிறகு 'பழைய வீடு, இனித் தாங்காது' என்று தீர்ப்பு எழுதப்படும்.

இதற்கான வைத்தியம் பெரிதல்ல. ஆடி, ஆவணியில் சருகை அள்ள வேண்டும். துருவேறிய துண்டை நீக்கி, துத்தநாகம் பூசிய தகரத்தை இட வேண்டும். மேல்துண்டு கீழ்த்துண்டின் மீது படிய வேண்டும். இரு ஓரங்களும் ஓட்டுக்கு அடியில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். தாரைப் பூசுவதும் சிமெண்டை அப்புவதும் பழுதுபார்ப்பல்ல. வெயிலில் தகரம் நெளியும், சிமெண்ட் நெளியாது. அடுத்த கோடையிலேயே விரிசல் காணும்.

இவ்வளவு எளிய வேலை ஏன் நடப்பதில்லை? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே உருக்காலைகளில் இரும்பு உருகிக் கம்பியாகிறது. அவ்வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். பழைய வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு அவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஒழுகினாலும் வாடகை வருகிறது. இடிந்தால் மனைக்கு விலை வருகிறது. உரிமையாளர் கூரையின் கீழ் இல்லை. கூரையின் கீழ் இருப்பவருக்கோ கேட்கும் வாய் இல்லை. நாளெல்லாம் இரும்போடு புழங்குகிறவர் இரவில் ஒழுகலுக்கு வாளி வைக்கிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகைதாரர் உண்டாக்காத கட்டுமானப் பழுதை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் அதன் நிழலில் ஒதுங்க எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சில் அறை பிடித்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. கூடல்வாய் சீர்கெட்ட வீட்டில் தொட்டிக்குப் போக வேண்டிய நீர் சுவருக்குள்தான் சேகரமாகிறது.

'பழுதுபார்க்கும் செலவில் புதிதாகவே கட்டிவிடலாம்' என்பார்கள். பத்தாண்டு பாராமுகத்துக்குப் பின் போடும் கணக்கு அது. முதலாண்டே தகரத்தை மாற்றியிருந்தால் அந்தக் கணக்கே எழுந்திராது. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைப் பேரிடர் என்றோம், சரி. சாதாரண ஐப்பசி மழைக்கே ஒழுகும் வீட்டுக்கு என்ன பெயர் வைப்பது? நாங்கள் அதை அலட்சியம் என்கிறோம்.

முற்றத்து மழையை எழுதும் நண்பர்கள் எங்கள்மேல் கோபிக்கலாம். அந்த மழை இப்போது யார் படுக்கையில் விழுகிறது, தகரத்தை மாற்ற வேண்டியவர் யார் என்பதையும் அவர்கள் எழுதட்டும். உரிமையாளர்கள் ஐப்பசிக்கு முன் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கட்டும். வீட்டின் மீது மெய்யான பற்றுள்ளவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே.