பயறு விளையும் வீட்டில் பருப்புக்குப் பஞ்சமா?

கறவை மாட்டுக்குப் பிண்ணாக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டால் எந்தச் சிறு விவசாயியும் தயங்காமல் பதில் சொல்வார். உழவு மாட்டுக்குக் கொள்ளு எவ்வளவு என்பதும் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதே வீட்டில் நாள் முழுவதும் நடவு நட்டுவிட்டு வந்து, எல்லோரும் சாப்பிட்ட பின் உட்காரும் பெண்ணின் தட்டில் எவ்வளவு பருப்பு விழுகிறது என்று கேட்டால் பதில் வராது.

தசையில் உள்ள நீரை நீக்கிப் பார்த்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி புரதச் சத்துதான். இந்தத் தசை அன்றாடம் கொஞ்சம் சிதைகிறது, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை சுமப்பதும் தசையை வளரத் தூண்டுகின்றன. அதற்கான கட்டுமானப் பொருளை உணவிலுள்ள புரதம் தருகிறது. இரண்டில் எது குறைந்தாலும் பயனில்லை. உழைக்காமல் புரதத்தை மட்டும் அள்ளித் தின்றால் தசை ஏறாது. மிஞ்சிய தழைச்சத்து யூரியாவாக மாறிச் சிறுநீரில் போய்விடும். விவசாயி மூட்டையாக வாங்கும் அதே யூரியாதான்! வயிறார உண்ணாமல் உழைப்பவரின் கதை வேறு. அவர் உண்ணும் சிறிதளவு பருப்பையும் உடல் விறகாக எரித்துவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அளவின்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராமும் புரதம் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். 400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உண்டு. அதோடு 80 கிராம் பருப்பு சேர்ந்தால் இன்னும் 18 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். ஆக 54 கிராம். ஆணின் கணக்கு சரியாகிவிடுகிறது.

அப்படியானால் சோற்றையே கூடுதலாக உண்டால் என்ன என்று கேட்கலாம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மணிச்சத்து குறைந்த நிலத்தில் தழைச்சத்தை மட்டும் கொட்டி விளைச்சல் காண முடியுமா? தசைக் கட்டுமானமும் அப்படித்தான், குறைவான சரக்கு எதுவோ அதன் அளவிலேயே நின்றுவிடும். பயறு வகைகளில் லைசின் மிகுதி. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனைன் அரிசியில் இருக்கிறது. இட்லிக்கு அரிசியோடு உளுந்தும் பொங்கலுக்குப் பாசிப்பருப்பும் சேர்த்த நம் முன்னோர், அமினோ அமிலத்தின் பெயர் தெரியாமலே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

கொள்ளு ரசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளை வேகவைத்து, தண்ணீரை மனிதர் குடித்துவிட்டு, பருப்பை மாட்டுத் தொட்டியில் கொட்டும் வீடுகள் உண்டு. புரதத்தின் பெரும்பகுதி மாட்டுக்கே போய்ச் சேருகிறது. சுண்டலாகச் செய்து உண்பதே மேல்.

நியாய விலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. நான்கு பேருக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஆளுக்கு 8 கிராம்தான் வரும். மீதி சொந்த வயலிலிருந்துதான் வர வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். விளைந்ததும் களத்திலிருந்தே வியாபாரியின் சாக்குக்குப் போய்விடுகிறது. கடன் தவணை காத்திருக்கும்போது விற்காதே என்று யாரும் உபதேசம் செய்ய முடியாது. ஆளுக்கு 80 கிராம் என்றால் நான்கு பேருக்கு ஆண்டுக்கு 117 கிலோ ஆகிறது; சிறு விவசாயிக்கு இது சாதாரணத் தொகையல்ல. ஆயினும் விதைக்கென்று முதலில் எடுத்து வைப்பதுபோல் வீட்டுக்கென்று 50 கிலோவாவது ஒதுக்கிவிட்டுப் பிறகு விலை பேசலாம். வரப்பில் துவரையும் தட்டைப்பயறும் ஊன்றினால் இன்னும் கொஞ்சம் தேறும்.

களத்தில் பயறை விற்றுவிட்டு, நகரத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகனுக்குப் புரத மாவு டப்பா வாங்கித் தருவது வேடிக்கையான வியாபாரம். கடும் பயிற்சி செய்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை என்பது உண்மையே. ஆனால் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசைக்குப் பெரிய ஆதாயம் இல்லை. அந்த அளவைப் பயறு, நிலக்கடலை, பால், முட்டை, கருவாடு ஆகியவற்றிலிருந்தே பெறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகமாகக் கவனிக்கப்படாதவர்கள் முதியவர்கள். வயது ஏற ஏறத் தசை கரைகிறது. கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று விட்டுவிட்டால் எழுந்து நடக்கவே வலுவிருக்காது. கஞ்சியில் ஒரு பிடி பாசிப்பருப்பு போட்டு வேகவைக்கலாம், மாலையில் ஒரு டம்ளர் பால் தரலாம்.

வீட்டுக்கு ஒதுக்கிய பயறு வண்டு விழுந்து போகிறதே என்பதுதான் பெண்கள் சொல்லும் பெரிய குறை. பல்லில் கடித்தால் ‘நறுக்’ என்று உடையும்வரை காயவைத்து, முழுப் பயறாக வைக்காமல் பருப்பாக உடைத்து, காற்றுப் புகாத தகர டின்னில் மூடி வைத்தால் வண்டு அவ்வளவாக ஏறாது.