குளியலறையில் ஒரு மாடம்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில், ஒரே வரிசையாய் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளின் தடித்த சுவர்களிலே விளக்குக்கென்று மாடம் விட்டுக் கட்டிய நம் முன்னோரின் சிரத்தையை, இன்று வீடு கட்டுவோர் குளியலறை விஷயத்திலும் அனுசரிக்க வேண்டுமென்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். சோப்பும் சீயக்காயும் எண்ணெய்க் கிண்ணமும் வைப்பதற்காக, டைல்ஸ் பதித்து முடிந்தபின் துளையிட்டு மாட்டும் தட்டு நாளடைவில் துருவேறி ஆட்டம் காண்கிறது. அந்தத் துளையே நீர் சுவருக்குள் இறங்க மார்க்கமாகிறது. மாடமோ, முறைப்படி அமைந்தால், வீடு உள்ளளவும் உழைக்கும்.

4½ அங்குலச் சுவரைக் குடைவது விபரீதம். 9 அங்குலச் சுவரில் 4 அங்குல ஆழம் தாராளம். தென்மேற்குப் பருவமழை நேராக மோதும் வெளிச்சுவரையும், அண்டை வீட்டாருக்குப் பொதுவான சுவரையும் தவிர்த்து, குழாய் ஓடாத உட்சுவரில், சுமார் 4 அடி உயரத்தில், ஷவரின் நேர்வீச்சுக்கு விலகி இடம் குறித்து, மாடத்தின் அடிப்பரப்பு முன்புறம் சற்றே சரியும்படி கொத்தனாரிடம் சொல்லி வைப்பது உத்தமம். சரிவில்லாத மாடத்தில் தேங்கும் சோப்புநீர் பாசியாகி, டைல்ஸ் இடுக்குகளை அரித்துவிடும். நீர்க்காப்புப் பூச்சை, முக்கியமாக மூலைகளில், டைல்ஸுக்கு முன்பே இருமுறை பூச வேண்டும். முக்காலியில் அமர்ந்து குளிக்கும் வயோதிகர் இருக்கும் வீட்டில், அவர்கள் கைக்கெட்டும் தாழ்வில் இன்னொரு மாடம் அவசியம்.