தொட்டால் புள்ளி

‘விளையாட்டுல சாதி ஏதுவே?’ மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ (2025) பார்த்துவிட்டு வந்த பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் படம் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவியது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்றவர். ‘திறமை இருந்தா மேல வந்துரலாம், பாத்தீரா?’ என்று அவரையே நமக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்துகிறார்கள்.

கபடி என்ன ஆட்டம்? பக்கத்துக்கு ஏழு பேர். பாடி வருகிறவன் தொட்டுவிட்டுத் திரும்பினால் அவனுக்குப் புள்ளி. காலைப் பிடித்து, இடுப்பைக் கட்டி அமுக்கினால் பிடித்தவர்களுக்குப் புள்ளி. தனி டம்ளர் வைத்த ஊரில்கூட இந்த ஆட்டத்தைத் தொடாமல் ஆட முடியாது. விசில் ஊதியதும் என்ன ஆகிறது? கோடு மைதானத்துக்கு வெளியே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

யாரைச் சேர்ப்பது, யாரைக் கேப்டனாக்குவது என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முடிவாகிறது. பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணியின் கேப்டன் பதவி மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். மோதித் தடுக்கிற இடங்களில் கறுப்பர்களைச் சேர்த்தார்கள். ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ இடத்தை வெகுகாலம் வெள்ளையருக்கே வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஆடி ‘சூப்பர் பவுல்’ வென்ற முதல் கறுப்பர் டக் வில்லியம்ஸ்; அது நடந்தது 1988இல். உடம்பு வேணும், மூளை வேண்டாம் என்பதற்கு அங்கே நிறவெறி என்று பேர். இங்கே என்ன பேர்?

கணேசனுக்கு விருது என்று எழுதப்பட்ட அதே 1995இல், ஆகஸ்ட் 31 அன்று, இதே மாவட்டத்தின் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வீடுகளை உடைத்தது. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அழித்ததாக ஊர்மக்கள் சொன்னார்கள். ஒருவருக்கு விருது, ஓர் ஊருக்கே லத்தி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கிற வேலைக்குத்தான் ‘சாதி ஏதுவே’ என்ற பேச்சு பயன்படுகிறது.

நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும்: ஆட்டக்காரனைக் காப்பாற்றுவது மாதாமாதம் கணக்கில் ஏறும் சம்பளம். கணேசன் தலைமுறையில் மில், மின்வாரியம், ரயில்வே, வங்கி என்று அணிகள் இருந்தன. ஆட்டம் வேலை வாங்கித் தந்தது. முட்டி பெயர்ந்த பிறகும் அந்த வேலை சோறு போட்டது. 2014இல் புரோ கபடி லீக் வந்தது. லட்சக்கணக்கில் ஏலம் போகிறார்கள், சந்தோஷம். ஆனால் பாய்ந்து பிடிக்கிறவனின் தோளும் முட்டியும் போன பிறகு அடுத்த சீசன் ஏலத்தில் யார் கை தூக்குவார்? அவன் துறைமுக வாசலில் ஒப்பந்தக் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, படத்துக்குக் கை தட்டுவோம், தப்பில்லை. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் எத்தனை இடம் நிரம்பியது? அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? மாவட்ட அணியைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் யார் யார்? நம் தெருவுக்கு மைதானம் எப்போது? பதில் வரட்டும். விளையாட்டில் சாதி உண்டா இல்லையா என்று அப்புறம் பேசுவோம்.