மணிக்கு ஒரு துண்டு இட்லி

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் என் நாத்தனார் வீடு. அவள் மகனுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம். இடது கை இறுகியே இருக்கும். விரலைப் பிரிக்கும் பயிற்சி என்றாலே ஒரே அழுகை. "பார்க்கச் சகிக்கலை அண்ணி, விட்டுடலாமான்னு இருக்கு" என்பாள்.

போன வருஷம் தெருவில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தார்கள். 'இருக்கிற சிரமம் போதாதா?' என்று முணுமுணுத்தவள் நான்தான். இப்போதோ, பையனின் இடது உள்ளங்கையில் இட்லித் துண்டு வைத்தால்தான் மணி சாப்பிடும். அதற்காக அவனே விரலை விரிக்கிறான்! அழுகையைக் காணோம்.

இது புதிதல்லவாம். அமெரிக்க மனநல நிபுணர் போரிஸ் லெவின்சன், ஒதுங்கியிருக்கும் குழந்தைகள் தம் நாய் ஜிங்கிள்ஸிடம் இளகுவதை 1962-லேயே எழுதினார். ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தை நம் சென்னை புளூ கிராஸும் நடத்தியிருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, நாய் வைத்தியம் செய்யாது. பயிற்சியில் மனசை ஒட்ட வைக்கும், அவ்வளவுதான். பயிற்சியை நிறுத்தாதீர்கள். சாதுவான நாயாக இருக்கட்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள். விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பல்லோ நகமோ பட்டால் கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முணுமுணுத்த நான், இப்போது அங்கே போகும்போதெல்லாம் மணிக்கென்று இரண்டு இட்லி கூடுதலாக அவித்து எடுத்துப் போகிறேன்.