நாயை விட்டுவிட்டு வாருங்கள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் இங்கிலாந்திலிருந்து சாச்சா வந்திருந்தார். சீனி வருத்தம் அவருடைய இரண்டு கண்களின் பார்வையையும் எடுத்த பிறகு அவர் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று கிழமை நின்றார். அதில் பெரும்பகுதியை எங்கள் முன் விறாந்தையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையிலேயே கழித்தார்.

லெஸ்டர் நகரில் அவர் அப்படி இருப்பவரல்லர். அங்கே அவருக்கு ஒரு வழிகாட்டி நாய் இருக்கிறது, கறுப்பு லப்ரடோர். அதன் துணையோடு தனியாகப் பள்ளிவாசலுக்கு நடக்கிறார், கடைக்குப் போகிறார், பஸ் ஏறுகிறார். ஊருக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டார், "நாயையும் கூட்டிக்கொண்டு வரட்டா?" என்று. எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. "நாய உட்டுப்போட்டு நீங்க வாங்க மகன்" என்றார் மூத்தும்மா. வாப்பாவும் அதையே சொன்னார். உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் அதையே சொன்னேன். காத்தான்குடியில் நாயோடு ஒருவர் வீட்டுக்குள் வருவதா?

நாங்கள் சொன்னது பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

வழிகாட்டி நாய் என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாய்தான் வழி கண்டுபிடித்து எஜமானை இழுத்துச் செல்கிறது என்று எண்ணியிருந்தேன். அப்படியல்ல. எங்கே போவது, எந்தச் சந்தியில் திரும்புவது என்பதெல்லாம் மனிதரின் தலைக்குள் இருக்கிறது. நாய் செய்வது வேறு. வழியில் உள்ள குழியை, தூணை, நிறுத்திய சைக்கிளை விலக்கி நடத்துகிறது. படி வந்தால் நிற்கிறது. "போ" என்று எஜமான் சொன்னாலும் வாகனம் வருமானால் போகாது. கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்த பிறகு, எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுக்கிறார்கள். (இந்தப் பாடத்தை எங்களுக்கும் யாராவது நடத்தினால் நன்று.)

முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜேர்மனியில் இந்தப் பயிற்சி முறையாகத் தொடங்கியது. 1928இல் மொறிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் கப்பலேறி சுவிற்சர்லாந்துக்குப் போனார். போகும்போது ஒரு பொதியைப் போலப் பிறர் பொறுப்பில் அனுப்பப்பட்டார். திரும்பும்போது 'படி' என்ற பெண் நாயோடு வந்து, நியூயோர்க்கில் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க வாகனங்கள் நிறைந்த வீதியைக் கடந்தார். சாச்சாவின் பயணத்தை நினைக்கும்போது எனக்கு அந்தப் 'பொதி' என்ற சொல்தான் ஞாபகம் வருகிறது. நாங்கள் அவரை அப்படித்தான் வரவழைத்தோம்.

கூட்டி வருவது இலேசான காரியமுமில்லை. விமானத்தில் நாய் கூண்டில் போவதில்லை. பயணிகளோடு உள்ளே, எஜமானின் காலடியில் படுத்துக்கொள்கிறது. இலங்கைக்குக் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்று வேண்டும். திரும்பிப் போவது இன்னும் கடினம். அந்த ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையை இங்கிலாந்து கேட்கிறது. புறப்படும் முன்னரே அதைச் செய்யாவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க நேரும். அங்கே இறங்குவதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன் இங்குள்ள மிருக வைத்தியர் ஒருவர் நாடாப்புழு மருந்து கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். இவ்வளவையும் செய்ய சாச்சா தயாராக இருந்தார். தடுத்தது எந்தத் திணைக்களமும் அல்ல, நாங்கள்தான்.

அவர் வந்த இரண்டாம் கிழமை. அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவரைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் என் தம்பி விளையாடப் போனவன் வரவில்லை. சாச்சா வுழூ எடுத்து, தொப்பி போட்டு, வெள்ளைப் பிரம்போடு கேற்றடியில் நின்றார். அந்தப் பிரம்பு எங்கள் ஒழுங்கையில் அவருக்குப் போதவில்லை. முதல் நாளே மூடாத வடிகானில் கால் வைத்துவிட்டார். நான் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மகள், தம்பி வரட்டும்" என்றார். இகாமத்தும் சொல்லிவிட்டார்கள். தம்பி வரவில்லை. சாச்சா திரும்பி வந்து விறாந்தையில் தொழுதார்.

பார்வையற்ற ஒருவர், தம்மைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை, வீட்டிலேயே தொழலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. முதலில் அனுமதித்த நபியவர்கள், அவர் திரும்பும்போது, பாங்கு கேட்கிறதா என்று விசாரித்தார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் அதற்குப் பதிலளியுங்கள் என்றார்கள். இஸ்லாம் பாடத்தில் இதைப் படித்தபோது கடினமான கட்டளையாகத் தோன்றியது. அன்று கேற்றடியில் நின்றவரைப் பார்த்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. பாங்கு கேட்கும் ஒருவர் பள்ளிக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழியை நாங்கள் லெஸ்டரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னோம்.

நாய் நஜீஸ்தானே என்று கேட்பீர்கள். ஆம், நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் அது கடுமையான நஜீஸ். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. ஆனால் இது கழுவுவதற்கான சட்டம். காய்ந்த நாய் காய்ந்த துணியில் உரசினால் நஜீஸ் தொற்றாது என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். மாலிக்கி மத்ஹபிலோ உயிருள்ள நாய் சுத்தமானது. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைக்க அனுமதி உண்டு. குகைவாசிகளோடு அவர்களின் நாயையும் குர்ஆன் மறக்காமல் சொல்கிறது. நாயுள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸ், அனுமதிக்கப்பட்ட நாய்களைச் சேராது என்ற அறிஞர்களும் உண்டு, சேரும் என்றவர்களும் உண்டு. அதைத் தீர்க்க நான் ஆலிமா அல்ல. ஆனால் லெஸ்டரில் 2008இல், உலமாக்களின் தீர்ப்போடு, பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவரின் வழிகாட்டி நாய் ஒரு பள்ளிவாசலுக்குள் அனுமதிக்கப்பட்டது. தொழும் இடத்துக்குள் அது போகாது; அது காத்திருக்கத் தனியிடம் ஒதுக்கினார்கள். அவர்களும் மார்க்கத்தைப் பேணியவர்கள்தான்.

அமெரிக்காவில் மிஷிகன் மாநிலப் பெண்ணொருவர், தம் முஸ்லிம் குடும்பத்தார் நாயை விரும்பாததால் குள்ளக் குதிரையொன்றை வழிகாட்டியாக ஏற்றார். 2009இல் அது பெரிய செய்தி. அழகான தீர்வுதான். ஆனால் 2021இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிப்படி விமானங்களில் சேவை விலங்கு என்றால் நாய் மட்டுமே. குதிரையை ஏற்ற வேண்டிய கட்டாயம் விமானங்களுக்கு இல்லை.

மார்க்கத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. சாச்சாவுக்காக வாவிக்கு அப்பால் ஒரு விடுதியிலும் மாமா விசாரித்துப் பார்த்தார். அவர்கள் முஸ்லிம்களல்லர். அவர்களும் நாய் வேண்டாம் என்றார்கள். எங்கள் தெரு நாய்கள் அந்த நாயைக் கடித்துக் குதறும், வெயில் தாங்காது என்று வாப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் சாச்சாவே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் அவரல்லவா? நாங்கள் அவரிடம் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. வாசலைச் சாத்தினோம், அவ்வளவுதான்.

அடுத்த வருடமும் வரப் பார்ப்பதாகச் சாச்சா சொல்லியிருக்கிறார். நாயைப் பற்றி இம்முறை அவர் கேட்கவில்லை. நான்தான் வாப்பாவிடம் பேசினேன். முன் வளவில் மாமரத்தடியில் குழாய் இருக்கிறது, மண்ணுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, விறாந்தையைத் தாண்டி அது வராது, கழுவ வேண்டியதை நான் கழுவுகிறேன் என்றேன். அங்கே ஊசியும் இரத்தப் பரிசோதனையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும், ஆகவே பதில் சீக்கிரம் வேண்டும் என்றும் சொன்னேன்.

"மூத்தும்மாக்கிட்டக் கேட்டுப் பார்ப்பம் மகள்" என்றார் வாப்பா. நான் இன்னும் காத்திருக்கிறேன்.