ஆம்பூர் ஷூ ஆர்டர் குறைந்தால் முதல் அடி யாருக்கு?

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50% ஆனதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளுக்கு ஆர்டர் கவலை வந்தது.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஒரு பிடிமானம் இருக்கு. 50 பேராவது இருக்கும் ஆலையில், ஓராண்டு முடித்தவரைத் தற்காலிகமாக நிறுத்தினால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தரணும்.

ஆனா ஷூ மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் பலர் வேலை பார்ப்பது வீட்டில். ஜோடிக்கு இவ்வளவு எனக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஆர்டர் குறைந்தால் கடிதமெல்லாம் வராது. தோல் கட்டோடு வரும் ஏஜென்ட் வரமாட்டார், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 21-ல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. ஆலையில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு நல்லதுதான். வீட்டில் தைப்பவரை அவை அமைப்புசாரா தொழிலாளி என்றே வகைப்படுத்துகின்றன. அந்தப் பாதிச் சம்பளம் அவருக்கு இல்லை.